ரியூக்யு அறிஞர்-அலுவலர் ஒருவரின் தூதுப் பணியைப் படித்தறிவது எப்படி: தெய் ஜுன்சோக்குவை முன்வைத்து

இன்று ஜப்பானின் ஒகினாவா மாநிலமாக இருக்கும் தீவுகள் 1879 வரை ரியூக்யு என்ற தனி அரசாக இருந்தன. 1372 முதல் சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தி வந்த அந்த அரசு, 1609-இல் தென் ஜப்பானின் சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பம் படையெடுத்து வந்து வென்றபின், அவர்களுக்கும் அவர்கள் வழியாக எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்து ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கும் அடங்கி நடக்க வேண்டியதாயிற்று. சீனப் பேரரசருக்கு விசுவாசமான சிற்றரசு என்ற முகமும், ஷோகுனின் வாசலுக்கு ஊர்வலமாகச் சென்று வாழ்த்துச் சொல்லும் அரசு என்ற முகமும் ஒரே காலத்தில் அதற்கு இருந்தன. இந்த இரண்டு முகங்களையும் தாளில் எழுதி, எழுதியதைக் கையில் ஏந்திக் கடல் கடந்து சென்றவர்கள் அந்நாட்டின் அறிஞர்-அலுவலர்கள். அவர்களுள் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் தூதுக் குழுக்களில் உண்மையில் என்ன செய்தார் என்பதைக் கண்டறிய விரும்பும் மாணவருக்கும் ஆர்வலருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எடுத்துக்கொள்ளத் தக்கவர் தெய் ஜுன்சோக்கு (1663–1734). மாணவர், துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), துணைத் தூதர், கடிதச் செயலர் என்று பல நிலைகளில் சீனாவுக்கு ஐந்து முறையும் எடோவுக்கு ஒரு முறையும் அவர் சென்றார். இரு திசைகளிலும் ஒரே மனிதர் சென்ற இத்தகைய வரலாறு கிடைப்பது அரிது.

தொடங்கும்போதே ஒரு கேள்வியை ஒதுக்கிவைப்பது நல்லது. 'அவர் மனத்தால் சீனப் பக்கமா, ஜப்பான் பக்கமா?' என்று கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் தேசியச் சண்டைகளைப் பதினேழாம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய்த் திணிப்பதாக முடியும். ஆவணங்களும் அதற்கு விடை தருவதில்லை. மாறாக, ஒவ்வொரு பயணத்திலும் அவர் வகித்த பதவி என்ன, அவர் கையில் இருந்த தாள் எது, அதை யாரிடம் ஒப்படைத்தார், எந்தச் செய்தியைச் சொல்லாமல் காக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை கிடைக்கும்.

முதல் வேலை, பெயர்களைத் திரட்டுவது. ரியூக்யு அலுவலருக்குச் சீன முறைப் பெயர் ஒன்றும் உள்நாட்டுப் பெயர் ஒன்றும் தனித்தனியே உண்டு. சீன எழுத்தில் எழுதிய அவருடைய பெயரை ஜப்பானிய வாசிப்பில் தெய் ஜுன்சோக்கு என்றும், சீன வாசிப்பில் செங் ஷுன்சே என்றும் படிக்கிறார்கள். செத்சுதோ என்பது புனைபெயர். ஒகினாவாவில் இன்று பரவலாக வழங்குவதோ நாகோ ஊவேகதா என்பது. அவர் 1728-இல் நாகோ பகுதியின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டதால் வந்த பெயர் அது. எனவே அதற்கு முந்தைய தூது ஆவணங்களில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. சீன ஆவணங்களில் சீனப் பெயரைக் கொண்டும், சத்சுமா, எடோ ஆவணங்களில் அந்தந்தக் காலத்துப் பதவிப் பெயரைக் கொண்டும் தேட வேண்டும். பெயர்ப் பட்டியல் இல்லாமல் தொடங்கியவர்கள் ஒருவரையே இருவராக எண்ணிவிடுவதுண்டு.

அடுத்து, அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று பாருங்கள். அரசன் இருந்தது ஷூரியில். துறைமுகமான நாஹாவை ஒட்டியிருந்த குமே என்னும் குடியிருப்பில், சீன மொழியும் கடிதக் கலையும் கப்பல் நடத்தும் அறிவும் கொண்ட குடும்பங்கள் வாழ்ந்தன. 1392-இல் சீனத்தின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த 'முப்பத்தாறு குடும்பங்களின்' வழித்தோன்றல்கள் என்பது அவர்களைப் பற்றிய மரபு வழக்கு. இதைப் படித்தவுடன் தெய் ஜுன்சோக்கு சீன இரத்தம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் குமேயின் மக்கள்தொகை சுருங்கிப் போனதால், ஷூரியிலிருந்தும் நாஹாவிலிருந்தும் தகுதியானவர்களைக் கொண்டுவந்து அற்றுப்போன குலங்களின் பெயரைத் தொடரச் செய்தார்கள். அவருடைய தந்தை தெய் தைசோ அப்படி வந்து தெய் குலத்தை ஏற்றவர். குமே அலுவலர் என்றால் பிறப்பைவிடப் பயிற்சிதான் பொருள் என்பதை இந்த ஒரு குடும்பமே காட்டிவிடுகிறது.

இனி, பயணங்களை ஆண்டு வாரியாக ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதவியை எழுதுங்கள். 1683-இல் ஃபூஜியனின் ஃபூசோ நகருக்குச் சென்றபோது அவர் மாணவர். சென் யுவான்ஃபு, ஜூ தியன்ஜி ஆகிய ஆசிரியர்களிடம் கற்று நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். 1689-இல் ஃபூசோவிலேயே தங்கியிருந்து வேலை பார்க்கும் துபாஷி. 1696-இல் புறப்பட்ட திறைத் தூதில் பெய்ஜிங் வரை செல்லும் பெரிய துபாஷி. 1706-இல் துணைத் தூதருக்குரிய 'செய்கி தைஃபு' பதவி. 1714-இல் திசை மாறி, எடோ செல்லும் குழுவின் கடிதச் செயலர். 1720-இல், சீனப் பேரரசர் ரியூக்யுவின் புதிய அரசனுக்குப் பட்டம் வழங்கியதற்கு நன்றி தெரிவிக்கச் சென்ற குழுவில், குமே அலுவலர்களின் உச்சப் பதவியான 'ஷிகின் தைஃபு'.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒருவர் பதவியில் உயர்ந்த கதையாகத் தெரியும். குறுக்காகப் படித்தால்தான் அமைப்பு விளங்கும். சீனா செல்லும் திறைக் குழுவில் தலைமைத் தூதர் ஷூரியைச் சேர்ந்த உயர்குடி அலுவலர். துணைத் தூதரும் துபாஷிகளும் குமேயைச் சேர்ந்தவர்கள். முகம் ஷூரியுடையது, வாயும் எழுதுகோலும் குமேயுடையவை என்று சொல்லலாம். ஆகவே எத்தனை முறை சென்றாலும் தெய் ஜுன்சோக்கு சீனாவில் தலைமைத் தூதராக நிற்கவில்லை. இதைத் திறமைக்கு நேர்ந்த அநீதியாக எழுதுபவர்கள் உண்டு; எனக்கு அது வேலைப் பகிர்வாகவே படுகிறது. தலைமைத் தூதர் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை சென்றுவருவார். எங்கே எந்த அதிகாரிக்கு எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் எப்படி வணங்க வேண்டும் என்ற அறிவு பயணத்துக்குப் பயணம் அறுபடாமல் தொடர்ந்தது குமேக்காரர்களிடம்தான்.

பட்டியலை எதைக் கொண்டு நிரப்புவது? முதன்மையான சான்று குடும்பப் பதிவேடு. 1689-இல் ரியூக்யு அரசு இதற்கென ஓர் அலுவலகத்தை அமைத்து, உயர்குடிகள் அனைவரும் தத்தம் வம்சாவளியைத் தொகுத்து இரு படிகள் எடுத்து, ஒன்றை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. குமே குடும்பங்களின் பதிவேடுகள் செவ்வியல் சீன மொழியில் உள்ளன. பிறப்பு, பெற்றோர், மனைவி, மக்கள், பதவி ஏற்ற நாள், கப்பல் புறப்பட்ட நாள், திரும்பிய நாள் என்று வறண்ட நடையில் அவை செல்லும். நாஹா நகர வரலாற்று வெளியீடுகளில் இவை அச்சாகியிருப்பதால் அயல்நாட்டு வாசகருக்கும் எட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவேட்டை எழுதியவர்கள் குடும்பத்தினர், சரிபார்த்தவர்கள் அரசு அலுவலர்கள். குடும்பத்துக்குப் பெருமை தராததும் அரசுக்குச் சங்கடம் தருவதும் அதில் எளிதில் இடம்பெறா.

நாள் கணக்கில் கவனம் தேவை. ஆவணங்கள் நிலவுவழி நாட்காட்டியைப் பின்பற்றுவதால், பதினொன்றாம், பன்னிரண்டாம் மாத நிகழ்வுகள் நம் கணக்கில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடக்கூடும். தெய் ஜுன்சோக்கு இறந்தது ஜப்பானியக் கணக்கில் கியோஹோ 19-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள். அது நம் கணக்கில் 1735-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கம். சில நூல்கள் 1734 என்றும் சில 1735 என்றும் அச்சிடுவதற்குக் காரணம் இதுதான். இரண்டில் ஒன்று தவறு என்று திருத்தப் புகாதீர்கள். அதே ஆண்டு சீனக் கணக்கில் யோங்ஜெங் 12. ஓர் ஆவணம் எந்த அரசரின் ஆண்டைப் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே, அது யார் கண்ணில் படுவதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இப்போது தாள்களுக்கு வருவோம். தூதின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரத்தைச் செலவிட வேண்டிய இடமும் இதுவே. சீனா செல்லும் ஒரு திறைக் குழு ஒரே கடிதத்தோடு செல்வதில்லை. பேரரசருக்கு அரசன் பணிந்து எழுதும் விண்ணப்பம் ஒன்று. அது அணிகள் மிகுந்த செவ்வியல் நடையில் அமையும். பெய்ஜிங்கின் சடங்கு அமைச்சுக்கும் ஃபூஜியன் மாகாண நிர்வாகத்துக்கும் அலுவல் நடையில் தனித்தனிக் கடிதங்கள். இவற்றோடு, கப்பலில் வருபவர்களின் பதவி, பெயர், எண்ணிக்கை, ஏற்றிவரும் பொருள் ஆகியவற்றைக் குறித்து, வரிசை எண்ணும் பாதி முத்திரையும் இட்ட சான்றிதழ். ஃபூசோ துறைமுக அதிகாரி முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். ஆளையும் சரக்கையும் அதனோடு ஒத்துப்பார்த்த பிறகே இறங்க விடுவார். ஒரு தூதில் யார் எந்தப் பதவியில் இருந்தார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. குடும்பப் பதிவேட்டில் உள்ள பதவியையும் சான்றிதழில் உள்ள பதவியையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

இத்தகைய கடிதங்களை 1424 முதல் 1867 வரை குமே அலுவலர்கள் படியெடுத்துக் காத்துவந்தார்கள். அந்தத் தொகுப்பின் பெயர் 'ரெகிதாய் ஹோவான்'. சிதைந்துகொண்டிருந்த பழைய தாள்களை 1697-இல் ஒழுங்குபடுத்தி முதல் தொகுதியாக்கினர். அதிலுள்ள பழைய கடிதங்கள் சயாம், ஜாவா, பலெம்பாங், மலாக்கா ஆகிய துறைமுகங்களின் ஆட்சியாளர்களுக்கும் எழுதப்பட்டவை. தமிழ் வணிகர்கள் தழைத்திருந்த பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் ரியூக்யுக் கப்பல்களும் நங்கூரமிட்டிருந்தன என்பது நம் வாசகருக்குத் தனியே ஆராயத் தூண்டும் செய்தி. தெய் ஜுன்சோக்குவின் காலத்துக்குள் அந்தத் தென்திசை வணிகம் மங்கி, கடிதங்கள் ஏறத்தாழ முழுவதும் சீனாவுக்கே ஆகிவிட்டன.

இந்தத் தொகுப்பு நமக்குக் கிடைத்திருப்பதே பெரிய காரியம். ஷூரியிலிருந்த மூலப்படி, அரசு ஒழிக்கப்பட்டபின் டோக்கியோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1923 நிலநடுக்கத் தீயில் அழிந்தது. குமேயில் இருந்த படி 1945 ஒகினாவாப் போரில் தொலைந்தது. இடையில் எடுத்திருந்த கைப்படிகளும் ஒளிப்படிகளும், குறிப்பாகத் தைவான் பல்கலைக்கழகத்தில் தங்கிய கைப்படியும்தான் மிஞ்சின. ஆகவே நாம் படிப்பது படியின் படி. ஓர் எழுத்து பொருந்தாமல் நின்றால் படியெடுத்தவரின் கைப்பிழையாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒகினாவா மாநில அரசு வெளியிட்டிருக்கும் திருத்திய பதிப்பும் ஜப்பானிய மொழிபெயர்ப்புப் பதிப்பும் இணையத்தில் உள்ள எண்ணிமக் காப்பகமும் இந்த இடத்தில் துணை செய்யும். சீனத் தரப்புச் சான்றுகளுக்கு, பெய்ஜிங்கின் முதலாம் வரலாற்று ஆவணக் காப்பகம் வெளியிட்ட சிங் அரசமரபுக் காலத்து ரியூக்யு ஆவணத் தொகுதிகள் உண்டு.

தாளுக்கு அடுத்தது சரக்கு. சிங் காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு கப்பல்களில் திறை சென்றது. தெய் ஜுன்சோக்குவின் காலத்தில் நிலைபெற்ற அளவு, 'கட்டி' என்னும் சீன எடைக் கணக்கில், கந்தகம் 12,600 கட்டி, செம்பு 3,000 கட்டி, வெள்ளீயம் 1,000 கட்டி. நம் கணக்கில் ஏறத்தாழ ஏழரை டன் கந்தகம், ஒன்றே முக்கால் டன் செம்பு, அறுநூறு கிலோ வெள்ளீயம். கந்தகம் ரியூக்யுவின் எரிமலைத் தீவு ஒன்றிலிருந்து வந்தது. உலோகங்களோ ஜப்பானிலிருந்து வந்தவை. இவற்றோடு, சீனப் பட்டும் பிற பொருள்களும் வாங்குவதற்கு சத்சுமா தந்த வெள்ளியும் கப்பலில் ஏறியது. 1687-இல் எடோ அரசு இதற்கு உச்சவரம்பு விதித்தது: திறைக் கப்பல்களுக்கு 804 கன், இடையாண்டில் தூதரை அழைத்துவரச் செல்லும் கப்பலுக்கு 402 கன். 804 கன் என்பது மூன்று டன் வெள்ளி. ஆக, ஃபூசோவில் தங்கியிருக்கும் துபாஷியின் பணி மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. தரகர்களோடு விலை பேசுவதும், கணக்கைத் தீர்ப்பதும், கரையொதுங்கிய ரியூக்யு மீனவர்களை ஊருக்கு அனுப்பிவைப்பதும், அங்கே பயிலும் மாணவர்களைக் கவனிப்பதும் அவர் தலையில்தான். தெய் ஜுன்சோக்கு அந்தப் பதவியில் இருந்த காலத்தில், பதினேழு சீன அரசமரபு வரலாறுகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி, 1,592 சுவடிகளாகக் குமேயின் கன்ஃபூஷியஸ் கோயிலுக்கு அளித்தார். புதிதாகக் கட்டியிருந்த கோயிலுக்கு நூலகம் கிடைத்தது அப்படித்தான்.

கப்பலில் ஏறத்தாழ இருநூறு பேர் சென்றாலும் பெய்ஜிங் வரை செல்ல அனுமதி கிடைத்தவர்கள் இருபது பேர் அளவில்தான். மற்றவர்கள் ஃபூசோவிலிருந்த ரியூக்யு விடுதியிலேயே தங்கி வணிகத்தைப் பார்த்தார்கள். பெய்ஜிங் செல்பவர்கள் மின் ஆற்றில் எதிரேறி, மலைகடந்து, ஹாங்சோ, சூசோ வழியாகப் பெருங்கால்வாயில் வடக்கே சென்றார்கள். வழிநெடுக உள்ளூர் அதிகாரிகள் வந்து துணைநிற்க, தலைநகரில் வணங்கும் முறையை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, பேரரசரின் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தாழ்த்தி வணங்கினார்கள். சடங்கைப் பற்றி ஆவணங்கள் ஏராளமாகப் பேசுகின்றன. பயணத்தில் ஒரு மனிதர் என்ன உணர்ந்தார் என்பதற்குக் கவிதைகளைத்தான் நாட வேண்டும். தெய் ஜுன்சோக்குவின் பெய்ஜிங் பயணக் கவிதைகள் 'செத்சுதோ என்யூசோ' என்ற தொகுப்பாக உள்ளன. ஊர்ப்பெயர்களைக் கொண்டு அவற்றை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். சூசோவில் நின்று எழுதியவை தனிக் கவனத்துக்கு உரியவை. அவருடைய தந்தையும் திறைத் தூதில் சென்றவர். தென் சீனத்தில் கிளர்ச்சி மூண்டிருந்த காலத்தில் 1675-இல் அந்த நகரிலேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்த மகன், அதே அரசுப் பணியில் அதே வழியே வந்து அந்தக் கல்லறையை வணங்கிக் கவிதை எழுதினார். எனினும் கவிதையைச் சான்றாகக் கொள்ளும்போது அதன் இலக்கண மரபையும் நினைவில் வைத்திருங்கள். பிரிவாற்றாமையும் நாடு நினைந்து ஏங்குவதும் சீனப் பயணக் கவிதையின் விதித்த துறைகள். கல்லறை உண்மை, துயரம் உண்மை. அதைச் சொல்லும் வாய்பாடு மட்டும் கற்றுக்கொண்டது.

படிப்பவர் அதிகம் தடுமாறும் இடம், ஆவணங்கள் பேசாமல் விட்ட செய்தி. சீனாவுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் சத்சுமாவின் மேலாண்மை பற்றி ஒரு சொல் இராது. 1609-க்குப் பின்னும் சுதந்திர அரசாகவே நடப்பதாகச் சீனரிடம் காட்டிக்கொள்வது ரியூக்யுவின் கொள்கை. திறை வணிகம் நிலைக்க வேண்டுமானால் அது தேவை என்பதால் சத்சுமாவுக்கும் அதுவே வசதி. சீனாவிலிருந்து பட்டமளிப்புத் தூதர்கள் வந்திறங்கும்போது, நாஹாவில் இருந்த சத்சுமா அதிகாரிகள் குசுகுமா என்ற கிராமத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். ஜப்பானிய நாணயமும் ஆண்டுக்கணக்கும் கண்ணில் படாமல் மறைக்கப்படும். ஜப்பானியப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஜப்பானுக்கும் ரியூக்யுவுக்கும் இடையிலுள்ள தொகாரா தீவினரோடு வணிகம் செய்கிறோம் என்பதே விடை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சீனா செல்பவர்கள் எந்தக் கேள்விக்கு எப்படி மறுமொழி சொல்ல வேண்டும் என்பதை வினா-விடையாக எழுதிய கையேடே அரசிடம் இருந்தது. துபாஷியின் திறமையில் பாதி, பேசாமல் விடுவதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே ஓர் ஆவணத்தில் சத்சுமா இல்லையென்றால், அந்த நிகழ்வில் சத்சுமாவுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள். அதே நிகழ்வைச் சத்சுமாவின் பதிவுகளிலும் தேடிப் பாருங்கள்.

1714 பயணத்தை இந்தப் பின்னணியோடு அணுகினால் அதன் விசித்திரம் புலப்படும். 1634 முதல் 1850 வரை பதினெட்டு முறை ரியூக்யுத் தூது எடோ சென்றது. புதிய ஷோகுன் பதவியேற்றால் வாழ்த்துத் தூது, ரியூக்யுவில் புதிய அரசன் அமர்ந்தால் நன்றித் தூது. 1713-இல் இரண்டும் ஒருங்கே நேர்ந்ததால் இரு இளவரசர்களின் தலைமையில் 170 பேர் கொண்ட குழு புறப்பட்டது. நாஹாவிலிருந்து சத்சுமாவின் தலைநகரான ககோஷிமா, அங்கிருந்து உள்கடல் வழியாக ஒசாகா, பிறகு யோதோ ஆற்றில் படகேறி, தரைவழியாக எடோ. சத்சுமாவின் உத்தரவுப்படி உடை, கொடி, இசைக்கருவி எல்லாம் சீனச் சாயலில் இருக்க வேண்டும். சீனாவில் ஜப்பானை மறைத்தவர்கள், ஜப்பானில் தாங்கள் அயலார் என்பதை உரக்கக் காட்ட வேண்டியிருந்தது. அயல்நாட்டார் பணிந்து வருகிறார்கள் என்ற காட்சியால் ஷிமாசு குடும்பத்தின் மதிப்பு எடோவில் உயர்ந்தது. இவ்வளவு ஏற்பாட்டோடும் அவர்கள் வாழ்த்தப் போன ஷோகுன் இயெத்சுகு ஐந்து வயதுக் குழந்தை.

அந்தக் குழுவில் தெய் ஜுன்சோக்குவின் பொறுப்பு கடிதங்கள். அது வெறும் எழுத்தர் வேலை அன்று. ஷோகுனின் ஆலோசகரும் பெரும் அறிஞருமான அராய் ஹகுசெகி, ஒரு நாட்டின் மதிப்பு கடிதத்தின் சொல்லில் இருக்கிறது என்று கருதியவர்; ரியூக்யு அரசன் பெயரில் வந்த கடிதத்தில் ஷோகுனையும் ஜப்பானையும் குறிக்கும் சீன மரபுச் சொற்கள் பொருந்தவில்லை என்று அவர் குறை கண்டார். பெய்ஜிங்குக்குச் செவ்வையாக எழுதப் பழகிய கை, எடோவுக்கு எழுதும்போது வேறு அளவுகோலுக்கு ஆளாயிற்று. ஆயினும் தனிப்பட்ட சந்திப்பு வேறு வகையில் நடந்தது. ஹகுசெகி தூதர்களிடம் ரியூக்யுவின் வரலாறு, வழக்கம், மொழி பற்றியெல்லாம் விசாரித்தறிந்து, 1719-இல் 'நன்தோஷி' என்னும் தென்தீவுக் குறிப்பு நூலை எழுதினார். கியோத்தோவின் உயர்குடியினரான கொனோயே இயெஹிரோ தம் மாளிகைக்குக் கவிதை கேட்டுப் பெற்றார். சீன எழுத்தில் கவிதை எழுதத் தெரிந்த ஒருவருக்கு, நேரில் பேசும் மொழி வேறாக இருந்தும், கிழக்காசியாவின் எந்த வாசலும் திறந்தது. எடோ பயணத்துக்குச் சான்று தேடுவோர் ஷிமாசு குடும்ப ஆவணங்களோடு, அயலுறவுப் பதிவுகளைத் திரட்டிய 'த்சூகோ இச்சிரான்' என்ற தொகுப்பையும் ஊர்வல ஓவியச் சுருள்களையும் பார்க்கலாம். ஓவியர்கள் உடையையும் கொடியையும் கவனமாகத் தீட்டினார்கள்; முகங்களை நம்ப வேண்டாம்.

தூது முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பணி நூல்களாகத் தொடர்ந்ததைப் பின்தொடர வேண்டும். 1706-இல் தொடங்கிய பயணத்தின் முடிவில், 1708-இல், அவர் ஃபூசோவில் இரு நூல்களை அச்சிட்டார். ஒன்று 'ஷினன் கோகி': நாஹாவுக்கும் ஃபூசோவுக்கும் இடையே திசைகாட்டி முள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், காற்றையும் விண்மீனையும் எப்படிக் கணிப்பது என்று சொல்லும் மாலுமி நூல். 1719-இல் பட்டமளிப்புத் தூதராக வந்த சூ பாவோகுவாங் ரியூக்யு பற்றி எழுதிய நூலில் இதை எடுத்தாண்டிருக்கிறார். மற்றொன்று 'ரிகுயு எங்கி': மிங் பேரரசர் ஒருவரின் ஆறு அறிவுரைகளுக்கு ஃபான் ஹோங் எழுதிய விளக்கம். பெற்றோரைப் பேணு, மூத்தோரை மதி, ஊரோடு ஒத்துவாழ், பிள்ளைகளுக்குக் கற்பி, தொழிலில் நிலைத்திரு, தீயன செய்யாதே என்பவை அந்த ஆறும். அறநூல் என்பதோடு, அது பேச்சுச் சீனத்தில் இருந்ததும் தெய் ஜுன்சோக்குவைக் கவர்ந்தது. குமே மாணவர்கள் ஒழுக்கத்தையும் துபாஷிக்குத் தேவையான பேச்சுமொழியையும் ஒரே புத்தகத்தில் கற்கலாம் அல்லவா?

அந்தப் புத்தகம் போன வழி, தூதுப் பாதையின் நீட்சியே. ஷிமாசு யோஷிதகா வழியாக 1719-இல் அது ஷோகுன் யோஷிமுனேயின் கைக்குச் சென்றது. பேச்சுச் சீனம் என்பதால் எடோ அறிஞர்கள் பலருக்கும் படிக்கக் கடினமாக இருந்தது; அதில் தேர்ந்த ஒக்யூ சொராய் வாசிப்புக் குறியீடுகள் சேர்த்து 1721-இல் பதிப்பித்தார்; முரோ கியூசோ எளிய ஜப்பானியத்தில் சுருக்கி 1722-இல் வெளியிட்டார். அந்தச் சுருக்கம் ஊர்ப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சிப் பாடமாக நெடுங்காலம் இருந்தது. ரியூக்யுக்காரர் ஒருவர் பாடத்துக்காக ஃபூசோவில் அச்சிட்ட நூல், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜப்பானியக் குழந்தைகளின் கையில். ஜப்பானிய நூல் வரலாறுகள் சொராயையும் கியூசோவையும் விரிவாகப் பேசிவிட்டு ரியூக்யுவுக்கு ஒரு வரி ஒதுக்குவது வழக்கம். அந்த விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1718-இல் குமேயின் கன்ஃபூஷியஸ் கோயில் வளாகத்தில் மெய்ரின்தோ என்ற பள்ளி அவருடைய முயற்சியால் எழுந்தது. அடுத்த தலைமுறைத் துபாஷிகள் அங்கே பயின்றார்கள்.

நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள் நாஹாவில் ஒரு பகல் ஒதுக்கினால் போதும். பழைய கோயில் போரில் எரிந்துபோயிற்று. இன்றைய கோயில் 2013-இல் பழைய குமேயின் எல்லைக்குள் இருக்கும் மத்சுயாமா பூங்காவில் கட்டப்பட்டது. அடுத்ததாக, ஃபூசோவோடு உள்ள உறவின் நினைவாக 1992-இல் திறக்கப்பட்ட ஃபுகுஷூஎன் என்ற சீனத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து துறைமுகம் வரை நடந்து பார்த்தால், கடிதம் எழுதியவர்களின் குடியிருப்பு ஏன் ஷூரி மலைமேல் இல்லாமல் கப்பலுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது காலுக்குத் தெரியும்.

செல்ல இயலாதவர்கள் எண்ணிமக் காப்பகத்தில் 1720 தூதிலிருந்து தொடங்கலாம். பட்டமளிப்புத் தூதர்கள் முந்தைய ஆண்டில்தான் நாஹா வந்திருந்ததால், அந்த நன்றித் தூதைச் சூழ்ந்த நிகழ்வுகளுக்கு ரியூக்யுக் கடிதங்கள், சீன ஆவணங்கள், சூ பாவோகுவாங்கின் நூல், குடும்பப் பதிவேடு என நான்கு பக்கச் சான்றுகள் கிடைக்கின்றன. நான்கிலும் அவருடைய பெயர் வரும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றும் அவரை எந்தப் பதவியால் அழைக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் 1706-க்கும், பிறகு 1696-க்கும் பின்னோக்கிச் செல்லுங்கள். 1714-ஐக் கடைசியாக எடுங்கள், அதற்கு வேறு மொழியும் வேறு காப்பகங்களும் தேவைப்படும்.